சீர்த்தட்டு ஆப்பிளும் ஒரு ஜாடி வினிகரும்

இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. உன் மாமனார் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நீ உன் மனைவியைப் பார்த்து, "இனிமே இந்த வினிகர் வேலையெல்லாம் வேணாம் மஞ்சு. எல்லா ஜாடியையும் கழுவி வெச்சிரு" என்று சொன்ன அன்று நான் உனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு உனக்கு மாற்றல் வந்து, மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு புனேவுக்குக் கிளம்பியபோதும் பேசவில்லை. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, கவிழ்த்து வைத்த கண்ணாடி ஜாடிகள் மட்டும் மாடிச் சமையலறை மேடையிலேயே நின்றுவிட்டன. அப்போதும் "பத்திரமாப் போய்ச் சேருங்க" என்றுதான் சொன்னேன். போனில் ஆரம்பித்தால் நீ "அதை விடுங்கப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் வெட்ட முடியாது.

நான் எதையும் சுலபத்தில் பாராட்டுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மனிதர்களிடமும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. என்னை வெளியே அனுப்பிய ஜெனரல் மேனேஜரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாகம் பிரித்தபோது கிணற்றுப் பக்கத்து நிலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட உன் பெரியப்பாவை மன்னிக்கவில்லை. உன் மாமனாரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லாமல்தான் இருந்தது, உன் கல்யாண வரவேற்பு மாலை வரைக்கும். அந்த ஆண்டு தக்காளி விலை ஏறியிருந்தது. அவர் ஊரான சூளகிரிப் பக்கத்தில் அவரைப் போலத் தக்காளி போட்டவர்கள் எல்லாரும் புதுச் சட்டையோடு திரிந்தார்கள். மண்டபத்துக்குள் அவர் வீட்டுச் சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. எல்லாத் தட்டிலும் ஆப்பிள். கோபுரமாக அடுக்கி, பளபளக்கும் காகிதம் சுற்றி, மேலே ரிப்பன் கட்டி. மாம்பழ ஊர்க்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளிநாட்டு ஆப்பிள். என்னைச் சிறியவனாகக் காட்டத்தான் கொண்டுவந்தார் என்று அன்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கல்யாணம் முடிந்ததும் அந்த ஆப்பிள்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். உன் அம்மா ஜூஸ் போட்டாள், அல்வா கிளறிப் பார்த்தாள். மிச்சம் கூடை கூடையாக மாடிப்படியின் கீழே கிடந்து, உருளைக்கிழங்கு மாதிரி மாவாகத் தொடங்கியது. ஒரு நாள் காலை மஞ்சு அவற்றை வெந்நீரில் போட்டு மேல்மெழுகைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னம்மா பண்ற?" என்றேன். "அடிபட்ட இடத்தை வெட்டிப் போட்டுட்டு, மீதியில ஆப்பிள் சைடர் வினிகர் போடலாம்னு இருக்கேன் மாமா. ஹாஸ்டல்ல இருக்கறப்போ பாட்டில் வாங்குவோம், யானை விலை. இதுல என்ன இருக்கு, ஆப்பிள், தண்ணி, கொஞ்சம் சர்க்கரை" என்றாள். நான் சிரித்துவிட்டேன். பி.காம். படித்த பெண், போச்சம்பள்ளிக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், எனக்கு நொதித்தல் பாடம் எடுக்கிறாளே என்று.

என் வேலையை நீ ஒருநாளும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை, அதனால் சொல்கிறேன். கூழ் தொழிற்சாலையில் புளிப்பு என்பது சாவுச் செய்தி. மாம்பழக் கூழைச் சூடாக்கி, கிருமி ஒன்றுகூட உயிரோடு இல்லாமல் செய்து, காற்றுப் புகாத பையில் அடைத்து, பீப்பாயில் வைத்து அனுப்புவோம். எங்கோ ஒன்று பிழைத்துக்கொண்டால் போதும், பை உப்பிவிடும். கடைசியாக உப்பிய அந்தச் சரக்கை நிறுத்தி வைக்கச் சொன்னவன் நான். "கப்பல் காத்துக்கினு இருக்குது சார், நீங்க கையெழுத்தப் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் ஜெனரல் மேனேஜர். சரக்கு திரும்பி வந்தபோது அவர் சொன்ன வார்த்தை காற்றில் போயிருந்தது, என் கையெழுத்து காகிதத்தில் இருந்தது. அப்படி வீட்டுக்கு வந்தவன் நான். வீட்டில் பார்த்தால் மருமகள் மாடியில் வேண்டுமென்றே பழத்தைப் புளிக்க வைக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த முதல் ஜாடி படுத்திய பாடு உனக்குத் தெரியாது, நீ ஷிப்டில் இருந்தாய். நுரை கட்டியது, குமிழி விட்டது, மூடியிருந்த வெள்ளைத் துணியைத் தாண்டி வாசனை படியிறங்கி வந்தது. உன் அம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள்: "ஏம்மா மஞ்சு, என்னா வாசனை இது, சாராயம் காச்சிக்கினு இருக்கியா? பார்டர் தாண்டிச் சாராயப் பாக்கெட் கொண்டாறவனையே செக்போஸ்ட்ல புடிக்கறாங்க, நீ மாடியிலயே கடையைத் தொறந்துட்டியே!"

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க அத்தை, போதையெல்லாம் போயி புளிப்பு வந்துரும்."

"போதை போற வரைக்கும் உங்க மாமா மாடிப்பக்கம் வராமப் பாத்துக்கோ."

நான் போகாமல் இருப்பேனா? வடிகட்டி வைத்த ஜாடியின் மேல் ஒரு நாள் வழவழவென்று வெள்ளை ஆடை கட்டியிருந்தது. பால் ஆடையைவிடத் தடிமன். தொட்டால் ஜெல்லி. எத்தனையோ ஆண்டுகள் இப்படி ஒன்றைக் கண்டால் மொத்தச் சரக்கையே நிராகரித்தவன், "கெட்டுப்போச்சும்மா, கொட்டிடு" என்றேன். அவள் ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "கொட்ட மாட்டேன் மாமா. இதுதான் வினிகரோட தாய். இது வந்தாத்தான் வினிகர். உங்க ஃபேக்டரிக்கு இது எமன், எனக்கு இதுதான் லட்சுமி." சட்டென்று எனக்கு வகுப்பில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. சர்க்கரையைச் சாராயமாக்குவது ஒரு உயிர், அந்தச் சாராயத்தை அமிலமாக்குவது இன்னொரு உயிர். இரண்டாவது காற்றில்லாமல் வாழாது, அதனால்தான் மேலே மிதந்து ஆடை கட்டுகிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கும் முன்பே கொன்றுவிடுவதுதானே என் உத்தியோகம்.

அடுத்த ஜாடியில் நான் சொன்னது சரியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். துண்டுகள் தண்ணீருக்கு மேலே மிதந்து, பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. "இதுவும் தாய்தானே மாமா?" என்றாள். "இது தாய் இல்லம்மா, இது மாமியார். கொட்டு" என்றேன். கீழேயிருந்து உன் அம்மா, "காதுல விழுந்துச்சி!" என்று கத்தினாள். அன்றிலிருந்து துண்டுகள் மிதக்காமல் மேலே ஒரு சின்னக் கண்ணாடித் தட்டைப் பாரமாக வைத்தோம். பரணில் கிடந்த என் ஆய்வகக் கண்ணாடிக் குழாயை இறக்கினேன். நிறங்காட்டி கலந்த வினிகரில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திரவம் இளஞ்சிவப்பாக மாறி அப்படியே நிற்கிற இடத்தில் நிறுத்தி, அமிலம் போதுமா என்று பார்ப்பேன். போதாவிட்டால், "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பேன். அவள் காத்திருப்பாள். கப்பலுக்காக அவசரப்படுத்த எங்கள் மாடியில் ஜெனரல் மேனேஜர் யாரும் இல்லை. வேலையை விட்டு வந்த பிறகு நான் காலையில் முகச்சவரம் செய்துகொள்ள ஒரு காரணம் கிடைத்தது அப்போதுதான்.

அந்த வினிகர் என்னவெல்லாம் செய்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். நீயே சாட்சி. நாள் முழுக்க சேஃப்டி ஷூ போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி நீ ஷூவைக் கழற்றினால், தெருநாய் எழுந்து இடம் மாறும். மஞ்சு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி உன் காலை அதில் வைக்கச் சொன்னாள். நீ முனகினாய். பிறகு நீயாகவே வாளியைத் தேடினாய். உன் லைனில் வேலை பார்க்கிற பையன்கள் பாட்டில் கேட்டது அதனால்தான். அவளுடைய பழைய ஹாஸ்டல் பெண்கள் தலைக்குக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சு விலைக்குக் கொடுக்கத் தொடங்கினாள். இங்கே போர்வெல் உப்புத் தண்ணீரில் தலை குளித்தால் முடி துடைப்பமாகிவிடும். ஒரு மக் தண்ணீரில் ஒரு மூடி வினிகர், கடைசியாக அலசினால் சிக்கெடுக்கச் சீப்பு ஓடுகிறது. வெந்நீர் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்ததை உன் அம்மா கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வினிகரை ஊற்றிச் சூடுகாட்டினோம், தானாகக் கழன்று வந்தது. குழாயில் இருந்த வெள்ளைத் திட்டும் போனது. ஒரு கிண்ணத்தில் வினிகர், அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, சமையலறை மூலையில் வைத்தால் பழ ஈ எல்லாம் அதில் விழுந்தது. அந்த ஈக்கு எதிராகத் தொழிற்சாலையில் நாங்கள் நடத்திய யுத்தங்களை நினைத்து நான் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வினிகரில் ஊறிய வெங்காயம் இல்லாமல் இப்போது எனக்குப் பிரியாணி இறங்குவதில்லை.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதில் நான் அளந்துதான் பேசுவேன். ஒரு ஸ்பூன் வினிகரைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து மதியச் சோற்றோடு குடிக்கிறேன். சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரை கொஞ்சம் அடங்கி வருகிறது. சோறு மெதுவாகச் செரிப்பதால் இருக்கலாம். அந்த அளவுக்கு உதவும் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். "குடிங்க சார், நல்லதுதான். ஆனா மாத்திரையை நான் சொல்லாம விடாதீங்க" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு கல்லாக இருப்பது எனக்குக் குறைந்திருக்கிறது. உன் அம்மாவுக்கு நெஞ்செரிச்சல்தான் கூடியது, அவள் நிறுத்திவிட்டாள். இளைப்பேன் என்று நம்பிக் குடித்த பக்கத்து வீட்டுக்காரர் இளைக்கவில்லை, அவர் தினமும் போண்டா தின்கிறார். தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல்லின் மேல்பூச்சு கரையும், தொண்டை புண்ணாகும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவே ஒரு சமையலறைப் பொருளுக்குப் பெரிய பெருமை. செய்யாததையும் செய்யும் என்று சொல்கிறவர்கள்தான் அதற்கு எதிரி.

உன் மாமனார் அப்படித்தான் எதிரியானார். மகள் கொடுத்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர், மொபைலில் எவனோ ஒருவன் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, சர்க்கரை மாத்திரையை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீர் இல்லாமல் ஒரே மடக்கு. தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எம்பொண்ணு மருந்து கண்டுபுடிச்சிட்டா, இனி டாக்டருங்க வேற தொழில் பாக்க வேண்டிதுதான்" என்று சொல்லியிருக்கிறார். நாக்கு வறண்டு, கண் இருட்டி, தக்காளிக் கிரேட்டின் மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் ஏற்றியிருந்த சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு மஞ்சு அழுதாள். நீ வராந்தாவுக்குக் கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொன்னாய்.  அவள் வீட்டுக்கு வந்து ஜாடிகளைக் கழுவினாள். பாத்திரம் கழுவும்போது தெலுங்கில் ஏதாவது முணுமுணுத்துப் பாடுகிறவள் அன்று பாடவில்லை.

நீ பயந்தாய், எனக்குத் தெரியும். நாளைக்கு வெளியாள் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பயந்தாய். நியாயமான பயம். ஆனால் நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். எனக்கு அன்று உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. ஆப்பிள் கோபுரம் கட்டி வந்த மனுஷன் இப்படிப் படுத்திருக்கிறாரே என்று. அந்த அற்பத் திருப்தியை ருசித்துக்கொண்டு நின்றதில், நடுவில் நீ அந்தப் பெண்ணின் கையைக் கட்டியதை நான் தடுக்கவில்லை. ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் பெயரில் எழுதி அவரை வெளியே அனுப்புவது எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

நீங்கள் கிளம்புகிற காலை, கழுவாமல் ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு ஜாடியை மஞ்சு கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மேலே தாய் மிதந்துகொண்டிருந்தது. "எனக்குக் கை வரல மாமா. நீங்க ஊத்திடுங்க." நான் ஊற்றவில்லை. மகனே, மாடிச் சமையலறையில் துணி கட்டி வைத்திருக்கிறேன். கூடைக்கார அம்மாவிடம் அடிபட்ட ஆப்பிள் வாங்கி, அது புளித்ததும் வடிகட்டி அந்தத் தாய்க்கு ஊட்டுகிறேன். ஆடை தடித்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு உயிரைக் காப்பாற்றி வளர்ப்பது எனக்குப் புது வேலை. உன் அம்மா கேட்டால், "பேரனப் பாத்துக்கறேன்" என்கிறேன். "நல்ல பேரன், அழுவறதும் இல்ல, ஸ்கூல் பீஸும் இல்ல" என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் வந்தார். சூளகிரியில் பஸ் ஏறி, தனியாக. கையில் தக்காளிப் பை. ஆப்பிள் இல்லை. நான் நாற்காலியைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார், செக்போஸ்ட்டில் லைசென்ஸ் காட்டுவது மாதிரி.

"பாருங்க சம்பந்தி, நேரத்துக்குப் போட்டுக்கினு இருக்கேன். காலியான குழியெல்லாம் எண்ணிக்கோங்க."

"எதுக்கு எங்கிட்ட காட்டறீங்க?"

"வேற யார்கிட்ட காட்டறது? மாப்பிள்ளை எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. எம்பொண்ணு போன்ல நல்லாக்கீறேன் நைனா, நல்லாக்கீறேன்னு மட்டும் சொல்றா. அவ தொழிலு போனது என்னாலதான? தப்பு பண்ணது நானு, தண்டனை அதுக்கா?" அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "அது போட்ட சரக்கு ஒண்ணாவது மிச்சம் இருக்குதா?" என்றார்.

மாடிக்குக் கூட்டிப்போய் ஜாடியைக் காட்டினேன். துணியை விலக்கி மோந்து பார்த்தார். "எல்லாம் அந்தச் சீர்த்தட்டு ஆப்பிளோட வம்சமா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த ஆப்பிள வாங்கறப்போ எம்பொண்டாட்டி அடிச்சிக்கினா. அவங்க படிச்சவங்க, வெறும் தக்காளிக்காரன்னு நெனச்சிடுவாங்கன்னு நாந்தான் வாங்கினேன்."  இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயந்துதான் கோபுரம் கட்டினார் என்று நான் நினைத்ததே இல்லை. மற்ற கோபங்களை நான் விடப்போவதில்லை, அவை அசலானவை. இது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள இனி இடமில்லை.

அவர் அடுத்த வாரம் ரயிலில் உங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒரு அகலவாய் பாட்டிலில் பாதி தாயையும் கொஞ்சம் வினிகரையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் குடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அவர் வாசலில் நிற்கும்போது மூஞ்சி கொடுத்துப் பேசு. பாட்டிலை நீ வாங்காதே, மஞ்சு வாங்கட்டும். அவள் திரும்பப் போடுகிறாளா, கொட்டுகிறாளா, அது அவள் இஷ்டம். போடுவதானால், ஒவ்வொரு பாட்டிலிலும் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டச் சொல்: இது உணவு, மருந்து அல்ல, தண்ணீர் கலக்காமல் குடிக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். அமிலம் பார்க்க அங்கே ஆள் கிடைக்காவிட்டால் மாதிரியை எனக்கு அனுப்பட்டும், நான் சும்மாதான் இருக்கிறேன். கல்யாணத்துக்கு நான் உனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. இப்போது ஒன்று சொல்கிறேன். பயம் வந்தால் அவளோடு உட்கார்ந்து பயப்படு. பயத்தைத் தீர்ப்பாக்கி அவள் கையில் கொடுக்காதே.

கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். என் கையெழுத்து விழுந்தால் ஒன்று சரக்கு போகும், இல்லாவிட்டால் நிற்கும்; அதைத் தவிர வேறெதற்கும் நான் அதைப் பழக்கவில்லை. இந்தச் சரக்கைப் போகவிடுவதும் நிறுத்துவதும் என் வேலை இல்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அடியைக் காலியாகவே விட்டு உறையை ஒட்டப்போகிறேன். ஒட்டியதும் தபால் பெட்டிக்கு நடப்பேன்.